எண்பத்திரண்டு

“நம்மூரு வெயிலுக்கு இது இன்னாத்துக்குமா?”
என்றபடி கௌஸ் பாஷா ஹோஸைக் கழற்றி
உள்ளிருந்து தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எடுத்தார்.
மசால்வடை அகலம். நடுவில் ஒரு ஸ்பிரிங்.
பிஸ்கட் டின்னில் போட்டார்.
அதில் ஏற்கெனவே பதினைந்து இருபது கிடந்தன,
காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு வண்டிகளின்
வேலை போன வாட்ச்மேன்கள்.

தப்பு அவர்மேல் மட்டும் இல்லை.
போன சித்திரையில், மதியம் இரண்டு மணிக்கு,
பள்ளிகொண்டா டோல்கேட் வரிசையில்
என் இண்டிகா பொங்கி நின்றது.
உள்ளே கதவு சிக்கி, திறக்கவே இல்லை.
பின்சீட்டில் டயாலிசிஸ் முடிந்து
ஆம்பூர் திரும்பும் ஒருவர்.
அவர் மனைவி எக்ஸ்ரே உறையை விசிறியாக்கி
எனக்கும் சேர்த்து விசிறினார்.
அந்த மதியத்துக்குப் பிறகு
யார் எதைக் கழற்றி எறி என்றாலும்
எறிந்திருப்பேன்.

அப்புறம் முள் எழுந்திருக்கவே இல்லை.
நீலக் கோட்டோடு படுத்துக் கிடந்தது.
ஆடி வரைக்கும் எனக்கு அதில் சந்தோஷம்தான்.

என் ஓட்டம் சின்னது.
காட்பாடி ஸ்டேஷன், மேம்பாலம், பாலாறு, ஆஸ்பத்திரி வாசல்.
ஆற்றில் மணல் பொரியும்.
எஞ்சின் மட்டும் அரைத்தூக்கத்தில் ஓடும்.
அதற்குச் சூடு பிடிப்பதற்குள்
பெட்டி, ஃபைல், தலையணையோடு
அவர்கள் இறங்கிவிடுவார்கள்.

முதலில் சொன்னது டீசல் நோட்டு.
பதினெட்டு கொடுத்தது பதினான்கு ஆனது.
ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம்
டிகாஷனில் பால் திரிந்தாற்போல் ஒரு கூழ்.
காலையில் நான் சாவி திருகுவதற்குள்
எதிர்வீட்டு ரூத் டீச்சர்
துணிகளைக் கொடியிலிருந்து உருவிக்கொள்வார்.

கிரீன் சர்க்கிள் பக்கம் புதிது வாங்கினேன்.
நானூற்று எண்பது ரூபாய், பில் இல்லை.
பொருத்தும் முன் பார்த்துவிடலாமென்று
பால் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து
நூல் கட்டி இறக்கினேன்.
அளக்க வீட்டில் இருந்தது மகளின் தெர்மாமீட்டர்.
அது நாற்பத்திரண்டில் முடிகிறது.
வேலூர் முடிகிற இடத்திலேயே.
அதற்குமேல் மனுஷருக்கு எண் தேவைப்படாது போல.
உதறி, உறையில் வைத்துவிட்டேன்.

வட்டின் விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது.
தண்ணீர் முனகியது. ஒன்றும் அசையவில்லை.
கையை வைக்க முடியாத சூட்டிலும் இல்லை.
ஓரத்தில் கடுகு கடுகாய்க் குமிழ் ஒட்டியபோதும்
இல்லை.
கெட்டுப்போனதைத் தலையில் கட்டிவிட்டான் என்று
கடைக்காரனைத் திட்ட வாயெடுத்தேன்.
உள்ளே அடைத்த மெழுகு இளகி
ஊசியைத் தள்ளியது போலும்.
ஒரு நெல் அகலம் திறந்தது.
பிறகு இரண்டு நெல்.
அடுப்பை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன்.
அவசரமே இல்லாமல் மூடிக்கொண்டது.

அப்போதுதான் உறைத்தது.
அகழி பாசியோடு கீழிறங்கி
கோட்டைச் சுவர் தொட்டால் சுடும் நாளும்
இரும்புக்கு விடியற்காலைதான்.
நாம் கருகும் வெயிலில்
அது போர்வை தேடிக்கொண்டிருக்கிறது.
‘இரு, இன்னும் வேகல’ என்று
தண்ணீரை வாசலில் நிறுத்திவைக்க
ஒரு ஆள் அதற்கு வேண்டியிருக்கிறது.

மாட்டும்போது கௌஸ் பாஷா முகத்தைக் காட்டவில்லை.
“உன் வண்டி, உன் காசு.
டோல்கேட்ல நின்னுகினு எனக்கு போன் பண்ணாத.”
பண்ணமாட்டேன் என்றேன்.
பண்ணுவேன் என்பது இருவருக்கும் தெரியும்.

இன்று மே நான்கு. கத்திரி தொடக்கம்.
அஸ்ஸாமிலிருந்து ஒரு அப்பாவும் மகனும்.
ஏறியதும் அப்பா நெற்றியைத் துடைத்து
வந்த இடத்தில் கற்ற தமிழில் சொன்னார்:
“ரொம்ப சூடு.”
மேம்பாலம் ஏறிக்கொண்டிருந்தோம்.
முள் அப்போதுதான் புரண்டு படுத்தது.
“இல்ல சார்,” என்றேன்,
“இன்னும் நாற்பது டிகிரி பாக்கி.”
மகன் அதை மொழிபெயர்க்கவில்லை.